மேகசினுக்கு எண் போடுங்கள்: ஒரு .40 பந்தயப் பிஸ்டலைச் சரிசெய்த அனுபவம்

பழைய கஸ்டம் பிஸ்டலை விற்கிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு: "அடைக்கவே அடைக்காது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." எனக்கு விற்றவரும் அப்படித்தான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மேகசின்களில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டிகள்), அவர் செய்த தோட்டாக்களோடு அது ஒழுங்காக ஓடியிருக்கிறது. என்னிடம் வந்ததும், நான் செய்த தோட்டாவையும் கூடவே வந்த நான்கு மேகசின்களில் கிடைத்ததையும் போட்டபோது, அடைக்க ஆரம்பித்தது, அதாவது தோட்டா சரியாக ஏறாமல் நடுவில் சிக்கி நின்றது.

துப்பாக்கி 2011 வகையைச் சேர்ந்தது. பழைய 1911 பிஸ்டலின் மேல்பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே இரட்டை வரிசை மேகசின் போகும்படி அகலமான பிளாஸ்டிக் பிடியை மாட்டிய அமைப்பு அது. 1990-களின் தொடக்கத்தில் டெக்சஸில் வர்ஜில் டிரிப்பும் சாண்டி ஸ்ட்ரேயரும் உருவாக்கியது. என்னுடையதை ஒரு சின்னப் பட்டறையில் ஒரு துப்பாக்கி மேஸ்திரி கையால் பொருத்தியிருக்கிறார். .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா, 5 அங்குலப் பேரல், 140 மில்லிமீட்டர் மேகசின். யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கத் துப்பாக்கி விளையாட்டு அமைப்பின் போட்டிகளில் லிமிடெட் பிரிவுக்கென்றே செய்தது.

டெக்சஸில் துப்பாக்கி வாங்குவது அவ்வளவு சுலபமா என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பன் கூப்பிட்டான், ரேஞ்சில் வாடகைக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நான் இந்த விளையாட்டுக்கு வந்தது கிரீன் கார்டு வந்த பிறகுதான்.

சரி, ஒரு தோட்டா ஏறாவிட்டால் என்ன போச்சு? போட்டியில் துப்பாக்கி அடைத்துக்கொண்டால் மறுவாய்ப்பு கிடையாது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று) என்றால் 32 தோட்டா. எல்லாம் குறி அட்டையின் நடுவில் இருக்கும் 'ஏ' பகுதியில் பட்டால் 160 புள்ளி. 16 நொடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர், அதாவது புள்ளியை நொடியால் வகுத்தது, 10. நடுவில் ஒரே ஒரு அடைப்பு, அதைத் தட்டி இழுத்துச் சரிசெய்ய 3 நொடி என்று வையுங்கள். 160-ஐ 19-ஆல் வகுத்தால் 8.42. ஒரு தோட்டா ஆறில் ஒரு பங்கு மதிப்பெண்ணைத் தின்றுவிடுகிறது. குறி தப்பினால்கூட இவ்வளவு வலிக்காது.

போட்டி நடுவே உட்கார்ந்து காரணம் தேடவும் முடியாது. சேஃப்டி ஏரியா மேசையில் துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் அங்கே தோட்டாவைத் தொடக்கூடாது, டம்மியைக்கூட எடுக்கக்கூடாது. தொட்டால் அன்றைய போட்டியே போச்சு. அதனால் இந்த வேலை முழுவதும் பயிற்சி ரேஞ்சிலும் வீட்டு மேசையிலும் நடந்தது. வீட்டு மேசை என்றால் டம்மி தோட்டா மட்டும்தான். மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல் நானே செய்த டம்மிகள். பிரைமர் இருக்கும் குழி காலியாகத் தெரிவதால் பார்த்தவுடனேயே டம்மி என்று புரிந்துவிடும். நிஜத் தோட்டா அந்த அறைக்குள்ளேயே வராது.

முதல் வேலை, மேகசின் ஒவ்வொன்றின் அடிமூடியிலும் வெள்ளை பெயின்ட் பேனாவால் 1 முதல் 4 வரை எண் போட்டது. இதைச் செய்யாமல் ஆரம்பித்தால் இருட்டில் துழாவுவதுதான். இரண்டாவது வேலை கொஞ்சம் கடினம்: அடைத்தவுடன் ஸ்லைடை (பேரலுக்கு மேலே முன்பின் ஓடும் பாகம்) இழுக்காமல் இருப்பது. போட்டிப் பழக்கத்தில் கை தானாகவே தட்டி இழுத்துவிடும். ஒரு முறை இழுத்துவிட்டால் தடயம் மொத்தமும் மண்ணில் விழுந்துவிடும். பயிற்சியில் பேரல் குறி மேட்டைப் பார்த்திருக்க, விரல் ட்ரிகரை விட்டு வெளியே வந்த பிறகு, பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். தோட்டாவின் மூக்கு எங்கே நிற்கிறது, பின்விளிம்பு எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் (கூட்டைப் பிடித்து வெளியே இழுப்பது) போனதா, மேகசினில் இன்னும் எத்தனை மிச்சம், மேகசின் எண் என்ன. நாலையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கை வைப்பது.

நோட்டுப் பக்கங்கள் நிறைந்த பிறகு உட்கார்ந்து பார்த்தால், "ஃபீட் ஆகவில்லை" என்று நான் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது மூன்று தனித்தனி வியாதி.

முதலாவது, மூக்கு குத்துவது. தோட்டாவின் முனை மேலே ஏறாமல், பேரல் வாயின் கீழே சரிவாக இருக்கும் ராம்ப்பின் அடியில் முட்டி நிற்கிறது. நான்கு மேகசினிலும் வருகிறது. இரண்டாவது, மேகசினின் கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களில் ஒன்று கொக்கிக்கு முன்னாலேயே துள்ளிக் கழன்று, ஸ்லைடின் ஜன்னலில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. இது 3-ம் எண்ணில் மட்டும். மூன்றாவது, ஸ்லைடு கிட்டத்தட்ட மூடி, கடைசி மூன்று மில்லிமீட்டரில் நின்றுவிடுவது. கட்டை விரலால் பின்னாலிருந்து தள்ளினால் 'டக்' என்று மூடிக்கொள்ளும். இதுவும் எல்லா மேகசினிலும்.

காரணத்துக்குள் போகுமுன் இந்தத் துப்பாக்கி தோட்டாவை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்லைடு முன்னால் வரும்போது மேல் தோட்டாவின் பின்விளிம்பைத் தள்ளுகிறது. மூக்கு ராம்ப்பில் பட்டு மேலே திரும்புகிறது. அதே சமயம் பின்விளிம்பு மேகசின் உதடுகளிலிருந்து (வாயில் உள்பக்கம் வளைந்து தோட்டாவைப் பிடிக்கும் ஓரங்கள்) கழன்று, ஸ்லைடின் முகத்தின் மீது கீழிருந்து மேலாக வழுக்கி, கொக்கிக்கு அடியில் நுழைய வேண்டும். உதடு விடுவிக்கும் நேரமும் மூக்கு நிமிரும் கோணமும் கொக்கியின் அழுத்தமும் கூடிவந்தால்தான் இது நடக்கும். ஜான் பிரௌனிங் 1911-ஐ வடிவமைத்தபோது அவர் மனதில் இருந்தது ஒரே தோட்டா: .45 ஏ.சி.பி., 230 கிரெய்ன் (குண்டின் எடை அலகு), உருண்டை மூக்கு. 1911 மார்ச்சில் நடந்த ராணுவச் சோதனையில் 6000 தோட்டாக்களை அடைப்பே இல்லாமல் சுட்டது, அதே மாதம் 29-ம் தேதி ராணுவம் ஏற்றுக்கொண்டது எல்லாம் அந்தத் தோட்டாவை வைத்துத்தான். நாம் அதற்குள் குட்டையான, தட்டை மூக்குள்ள .40-ஐ இரட்டை வரிசையில் திணிக்கிறோம்.

மூக்கு குத்தும் வியாதிக்கு வேர் அங்கேயே இருக்கிறது. .40 தோட்டாவின் மொத்த நீளம் தொழிற்சாலை அளவில் அதிகபட்சம் 1.135 அங்குலம். .45-இன் அதிகபட்சம் 1.275. மேகசின் குழாயின் முன்பின் அளவு அந்தப் பெரியவனுக்கானது. குட்டைத் தோட்டாவுக்கு உள்ளே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் காலி இடம். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, தோட்டாக்கள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன; அதாவது மேகசினுக்குள் முன்னால் சறுக்குகின்றன. சறுக்கியது மூக்கைச் சாய்த்துக்கொண்டு நிற்கும்.

லிமிடெட் பிரிவில் பழகியவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் பழையது: தோட்டாவையே நீளமாகச் செய்வது. 1.180 முதல் 1.200 அங்குலம் வரை. கடையில் வாங்கும் சாதாரணத் தோட்டாவில் இது கிடைக்காது, சொந்தமாகச் செய்துகொள்வதுதான் வழி. என் தோட்டா 1.140-க்குப் பக்கத்தில் இருந்தது, முன்பு வைத்திருந்த வேறு பிஸ்டலுக்காக அமைத்த அளவு. தோட்டா செய்யும் டில்லன் பிரஸ்ஸில் குண்டை உட்கார வைக்கும் டையை (அச்சு) தளர்த்தி 1.180-க்குக் கொண்டுவந்தேன்.

நீளமாக்கினால் வேறு ஒன்று இடிக்கலாம். பேரலைத் தனியே கழற்றி, அதன் முன்முனை கீழே பார்க்கப் பிடித்து, தோட்டாவைச் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) விட்டுப் பார்க்க வேண்டும். 'டப்' என்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். சுற்றவில்லை என்றால் குண்டு ரைஃப்லிங் பள்ளங்களின் தொடக்கத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். எனக்குச் சுற்றியது. (இதையும் டம்மியில்தான் பார்த்தேன்.)

நீளத்தோடு வேகமும் மாறும். குண்டு மேலே உட்கார்ந்தால் உள்ளே இடம் கூடி, அழுத்தமும் வேகமும் கொஞ்சம் இறங்கும். லிமிடெட்டில் வலுவான தோட்டாக்களுக்கான மேஜர் கணக்கில் சேர வேண்டுமென்றால் பவர் ஃபேக்டர் 165 வேண்டும்: குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, 1000-ஆல் வகுப்பது. 180 கிரெய்ன் குண்டுக்கு 917 அடி வேகம் போனால் எல்லையைத் தொடும். வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் என் புதிய தோட்டா சராசரி 940, அதாவது 169. போதும். எதிர்த்திசையில் போவதுதான் ஆபத்து: .40-இல் குண்டு உள்ளே அமுங்கி நீளம் குறைந்தால் அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால் செய்து முடித்த தோட்டாக்களில் சிலவற்றை எடுத்து, குண்டின் முனையைப் பிரஸ் இருக்கும் மேசையின் விளிம்பில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி, காலிப்பரில் மறுபடி அளந்து பார்ப்பேன். நீளம் அசையக்கூடாது.

இந்த ஒரு மாற்றத்தோடு மூக்கு குத்துவது நின்றது. துப்பாக்கியில் ஒரு ஸ்க்ரூகூடத் திருப்பவில்லை.

அடுத்து 3-ம் எண் மேகசின். கஸ்டம் பிஸ்டல் உலகில் மேகசினும் துப்பாக்கி மாதிரியே பொருத்தி எடுக்க வேண்டிய உறுப்பு. புதுசாக வாங்கி அப்படியே போட்டுச் சுடலாம் என்று நினைக்கிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள் அல்லது போட்டிக்குப் போகாதவர்கள். போட்டியில் மேகசினை மாற்றும்போது பழையதைத் தரையில் விடுகிறோம். சரளை, கான்கிரீட், சேறு. பாதி தோட்டாவோடு விழும் மேகசின் உதட்டில் பட்டு விழுந்தால் உதடு விரியும்.

மேகசின் வாயின் இரண்டு உதடுகளுக்கு இடையிலான அகலத்தைக் காலிப்பரின் உள்தாடையால் முன்னும் பின்னும் அளந்தேன். நான்கையும் பக்கத்தில் வைத்து அளந்தால் எந்த அட்டவணையும் தேவைப்படாது. மூன்று ஒத்துப்போய், ஒன்று தனியாக நிற்கும். 3-ம் எண்ணின் பின்பக்கம் மற்றதைவிட 0.3 மில்லிமீட்டர் அகலம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பின்விளிம்பு அந்த அளவுக்கு முன்னதாகவே கழன்றுவிடுகிறது. கொக்கி வந்து பிடிப்பதற்குள் தோட்டா சுதந்திரமாகிவிடுகிறது.

கடைசித் தோட்டாக்களில் மட்டும் ஏன்? மேகசின் நிறைய இருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருப்பதால் அடியிலிருந்து வரும் அழுத்தம் தோட்டாவை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. காலியாகும்போது ஸ்பிரிங் நீண்டு தளர்ந்து, உதைக்கும் நேரத்தில் தோட்டாவைப் பிடித்து வைக்க வலு இல்லை. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து மற்றதோடு நிற்க வைத்தேன், ஒரு விரல் கடை அளவுக்குக் குட்டை. புது ஸ்பிரிங் போட்டேன். உதட்டை, பல் இல்லாத வழவழப்பான இடுக்கியால், தோல் துண்டு சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினேன். உதடு கெட்டிப்படுத்திய உலோகம். ஒரேயடியாக நெருக்கினால் விரிசல் விடும். இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும், இல்லாவிட்டால் தோட்டா ஒரு பக்கமாகச் சாய்ந்து வரும். ஒவ்வொரு நெருக்கலுக்கும் பிறகு டம்மிகளை நிரப்பி, கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியே எடுத்துப் பார்ப்பது. அதிகம் நெருக்கினால் உதடு தோட்டாவைத் தாமதமாக விடுவிக்கும், அப்போது மறுபடி மூக்கு குத்தும். நெருக்கியது ஒரு தலைமுடி அளவு என்றாலும் விரலுக்கு வித்தியாசம் தெரிகிறது.

மேகசின் அடிமூடியைக் கழற்றி மாட்டியவர்கள் நீளத்தை மறுபடி பார்த்துக்கொள்ளவும். லிமிடெட்டில் 141.25 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஓபன் பிரிவில் போய் நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது வியாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவால் பிடிபட்டது. டம்மியின் பின்பகுதி முழுவதும், விளிம்பு, அதற்கு முன்னால் இருக்கும் பள்ளம், பள்ளத்தின் சரிவு எல்லாவற்றையும் மார்க்கரால் பூசினேன். ஸ்லைடை மெதுவாக விட்டு ஏற்றி, எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்பின் பக்கவாட்டில் மை அழிந்திருக்க வேண்டும், அழிந்திருந்தது. அதோடு பள்ளத்தின் முன்சரிவிலும் ஒரு பளபளப்பான சின்னக் கோடு. அங்கே எதுவும் தொடவே கூடாது. எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் மூக்கு நீளமாக இருந்து, தோட்டாவின் சரிவில் உட்கார்ந்து, அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஸ்லைடு கடைசியாக மூடும் நேரத்தில் இந்த உரசலே அதை நிறுத்தப் போதுமானது.

1911 குடும்பத்தில் எக்ஸ்ட்ராக்டர் தனக்குத்தானே ஸ்பிரிங். நீண்ட ஒரே எஃகுத் துண்டு, லேசாக வளைத்திருப்பதால் அழுத்தம் கொடுக்கிறது. அழுத்தம் சோதிக்க ஸ்லைடைத் தனியே கழற்றி, பேரலையும் எடுத்துவிட்டு, டம்மியின் விளிம்பைக் கீழிருந்து கொக்கிக்குள் நுழைக்க வேண்டும். மெதுவாக ஆட்டினால் டம்மி நிற்க வேண்டும், பலமாக உதறினால் விழ வேண்டும். என்னுடையது உதறினாலும் விழவில்லை. நுழைக்கும்போதே கட்டை விரலுக்கு வலித்தது.

ஆக, இரண்டு வேலை. கொக்கியின் மூக்கை மெல்லிய எண்ணெய்க் கல்லில் சில இழுப்பு, மறுபடி மார்க்கர், மறுபடி பார்ப்பது. கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். கொக்கியின் கீழ் ஓரத்தையும் லேசாக உருட்டினேன், விளிம்பு அடியிலிருந்து ஏறும்போது முட்டாமல் இருக்க. தோட்டாவை இழுக்கும் உள்முகத்தில் கல் படவே கூடாது. பிறகு அழுத்தம்: எக்ஸ்ட்ராக்டரை அதன் துளையிலேயே கொஞ்ச தூரம் நுழைத்து, வால் பக்கம் மெதுவாக அழுத்தி, வளைவைக் குறைத்தேன். இதற்கென்று விற்கும் கருவியும் இருக்கிறது; கைப்பழக்கம் இல்லாதவர்கள் அதை வாங்கிக்கொள்வது நல்லது. அப்படியே, பின்னாலிருக்கும் ஃபயரிங் பின் ஸ்டாப் தட்டு எக்ஸ்ட்ராக்டரைச் சுழலாமல் இறுக்கிப் பிடிக்கிறதா என்றும் பார்த்தேன். அந்தத் தட்டு லொடலொட என்றிருந்தால் கொக்கி திரும்பிக்கொள்ளும், செய்த வேலை எல்லாம் வீண். இதில் மேஸ்திரி அருமையாகப் பொருத்தியிருந்தார்.

மூடாமல் நின்றதில் பெரும்பகுதி இதோடு போனது. மிச்சம் கொஞ்சம் வந்தது, ஆனால் அப்போது விரலால் தள்ளினாலும் மூடவில்லை. அது தோட்டாவின் குற்றம். ரேஞ்சில் பொறுக்கும் .40 பித்தளைக் கூடுகளில் பல, அடிப்பக்கம் சரியாகத் தாங்காத சேம்பர்களில் சுட்டவை. விளிம்புக்குச் சற்று மேலே வயிறு வைத்திருக்கும். பிரஸ்ஸில் ஷெல் பிளேட் என்ற தட்டு கூட்டின் அடியைப் பிடித்துக்கொண்டிருப்பதால், கூட்டை அளவுக்கு நெருக்கும் சைஸிங் டை அந்த இடம் வரை இறங்காது. கூடு முழுவதும் டைக்குள் ஊடுருவிப் போகும் வகை ஒன்று தனியாக வாங்கி, பொறுக்கியவை எல்லாவற்றையும் அதில் தள்ளி எடுக்கிறேன். போட்டிக்கு எடுத்துப்போகும் ஒவ்வொரு தோட்டாவும் கேஜில் (சேம்பர் அளவுக்குத் துளையிட்ட அளவுக் கட்டை) விழுந்து எழுந்த பிறகே பெட்டிக்குள் போகும். சலிப்பான வேலை, டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

ஸ்லைடை முன்னால் தள்ளி மூடும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே இருந்தது எத்தனை ஆயிரம் சுட்டதோ, தூக்கிப் போட்டுவிட்டு உல்ஃப் ஸ்பிரிங் 12 பவுண்டு ஒன்றைப் போட்டேன். இதைவிடக் கனமாகப் போட்டால் ஸ்லைடு வேகமாக மூடும், ஆனால் மூடும்போது முன்முனை கீழே குத்தி, குறி தாமதமாகத் திரும்புகிறது. மேலும் ஸ்லைடு வேகமாக வந்தால் அடுத்த தோட்டா மேலே எழும்ப மேகசினுக்கு நேரம் குறையும். அடைப்புக்கு மருந்து கனமான ஸ்பிரிங் என்று ரேஞ்சில் அடிக்கடி அறிவுரை வரும். நான் கேட்டுக்கொள்வதோடு சரி.

ஃபீட் ராம்ப்பில் கை வைக்கவில்லை. முதல் நாளிலிருந்தே பார்க்கிறவர்கள் எல்லோரும் "ராம்ப்பை ட்ரெமெல் (சுழலும் சின்னக் கைக்கருவி) வைத்துப் பாலிஷ் போடு" என்றார்கள். கோணம் மாறிவிட்டால் எடுத்த உலோகத்தைத் திருப்பி வைக்க முடியாது. அதிகம் எடுத்தால் கூட்டின் அடி தாங்கலில்லாமல் போய், அழுத்தத்தில் வெடிக்கும். மேகசின், தோட்டா, ஸ்பிரிங் எல்லாம் காசு கொடுத்தால் மறுபடி கிடைக்கும். பொருத்திய பேரல் கிடைக்காது. கரியைத் துடைத்ததைத் தவிர ராம்ப் வந்தபடியே இருக்கிறது.

எண்ணெய் மட்டும் தாராளம். இந்த இறுக்கமான துப்பாக்கிகள் காய்ந்தால் சண்டித்தனம் செய்யும். டெக்சஸ் கோடையில் காலையில் போட்ட எண்ணெய் மதியத்துக்குள் வடிந்துவிடுகிறது. ஸ்லைடு தண்டவாளம், பேரலின் மேல் லக், பேரலின் முன்முனை. இடைவேளையில் இன்னொரு துளி.

இப்போது 1, 2, 4 போட்டிக்கு, 3 பயிற்சிக்கு. 3-ம் எண் நெருக்கிய பிறகு தவறு செய்யவில்லைதான், ஆனாலும் ஒரு முறை விரிந்த உதடு மறுபடி விரியும் என்பது என் எண்ணம், மாதாமாதம் அளந்து நோட்டில் எழுதுகிறேன். பாக்கி இருப்பது ஒரு உபரி எக்ஸ்ட்ராக்டர். எஃகு சோர்ந்துபோனால் போட்டி மைதானத்தில் கல் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே இதே மார்க்கர் வைத்துப் பொருத்தி, பையில் ஒரு உறையில் போட்டு வைக்க வேண்டும். துண்டு வந்துவிட்டது. மூக்கு இதிலும் நீளம்தான்.